ஆராய்ச்சி லயத்துக்கும் வந்து சேர வேண்டும்

(இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டத் தலைவர்மார், மாதர் தலைவியர் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தலைவர்மாரே, மாதர் தலைவியரே, இன்றைக்குப் பேர் போனாலும் பரவாயில்லை என்று வந்திருக்கிற தோழர்களே!

நம்முடைய ஆரோக்கியம், நம்முடைய மலை, நம்முடைய மரம் இவற்றைப் பற்றி நடந்திருக்கும் விஞ்ஞான ஆராய்ச்சிகளைப் பேசும்படி சங்கம் ஆசிரியர்களாகிய எங்களிடம் கேட்டது. வருகிற வழியில் மூத்த தலைவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "சம்பளத்தைப் பேசுற கூட்டத்துல விஞ்ஞானத்தைப் பேசி என்னங்க சேர் வரப்போகுது?" என்றார். நியாயமான கேள்வி. இந்தப் பேச்சு முடியும்போது பதில் சொல்கிறோம். எங்கள் பதிலும் சம்பளத்தைப் பற்றியதுதான்.

ஆராய்ச்சி என்றால் கொழும்பிலும் பேராதனையிலும் கண்ணாடி அறைக்குள் நடக்கிற காரியம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் தாழ்நாட்டு நிலையம் இதே இரத்தினபுரியில், சென் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்து மாவட்டத்தில், அகலவத்தையில். நம் மலைகளை அளந்து வரைபடம் போட்டது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அளந்தது நம் மலையை. எண்ணியது நம் நோயை. ஆகவே கிடைத்த முடிவு நம்மிடம் வந்ததா, வராவிட்டால் எந்த இடத்தில் நின்றது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வந்து சேர்ந்த ஒன்று

முதலில் வந்து சேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். 1990களில் மருந்து குடித்து உயிர்விட்டவர்கள் கணக்கில் உலகத்திலேயே முன்வரிசையில் நின்றது நம் நாடு. 1995இல் அது உச்சத்தைத் தொட்டது. நம் லயங்களிலும் அந்தத் துக்கம் இல்லாத வரிசை குறைவு. பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? குடியைக் குறை, கோபத்தைக் குறை, மனசைத் திடமாக வை என்றார்கள். தப்பில்லை. ஆனால் அதனால் சாவு குறையவில்லை.

அநுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் வைத்தியர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். எந்த மருந்தைக் குடித்து வந்தவர் பிழைக்கிறார், எந்த மருந்தைக் குடித்தவர் பிழைப்பதில்லை என்று ஆயிரக்கணக்கான நோயாளரை வருஷக்கணக்கில் எண்ணிப் பார்த்தார்கள். பரகுவாட் என்ற புல்லு மருந்தைக் குடித்தவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இறந்தார்கள். வேறு பல மருந்துகளில் நூற்றுக்குச் சிலர்தான். ஆத்திரம் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டுவது எந்தப் போத்தல் என்பதில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டார்கள்.

1995இல் மிகக் கொடிய பூச்சிமருந்து வகைகள் தடை செய்யப்பட்டன. 2008 தொடக்கம் 2011 வரையில் பரகுவாட்டும் இன்னும் இரண்டு மருந்துகளும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. தடை செய்தால் விளைச்சல் விழும் என்ற வாதம் எழுந்தது. 90களின் தடைகளுக்குப் பிறகு விளைச்சலை ஆராய்ந்தவர்கள் அப்படி வீழ்ச்சி எதையும் காணவில்லை. 1995க்கும் 2015க்கும் இடையில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது குறைந்தது. 20 வருஷத்தில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் நம் லயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யார் யார் என்று நமக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் இன்றைக்கும் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள்.

ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறோம். மனசு பாரமாக இருக்கிறவர்கள் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் அது. இதைத் தோட்டத்தில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

கண்டுபிடிப்பு சட்டமாகி, சட்டம் லயம் வரை வந்தால் இப்படி நடக்கும். இனி, வராமல் நின்றதைப் பார்ப்போம்.

தெரிந்தும் சொல்லப்பட்டும் நின்ற ஒன்று

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்த மீரியபெத்த தோட்டம். காலையில் பிள்ளைகள் பாடசாலைக்குக் கிளம்புகிற நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானத்துக்குத் தெரிந்திருந்தது. போகச் சொன்னார்கள், போக இடம் கொடுக்கவில்லை. சொந்தக் காணித் துண்டு இல்லாதவன் எங்கே போவான்?

பதுளை மாவட்டத்துக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. 2016 மே 17 நம் கேகாலை மாவட்டத்தில் நடந்தது. மூன்று நாளில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து மக்களைப் புதைத்தது. அடுத்த வருஷம் மே மாதம் இரத்தினபுரியும் களுத்துறையும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி மலையகம் முழுவதையும் உலுக்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மலை ஏன் சரிகிறது? மண் சரிவில் நிற்பது மண்ணுக்கும் மண்ணுக்கும், மண்ணுக்கும் கல்லுக்கும் உள்ள பிடிமானத்தால். மழைத் தண்ணீர் உள்ளே இறங்க இறங்க மண் துகள்களுக்கு நடுவே நிரம்பி அவற்றைத் தள்ளுகிறது. பிடி தளர்கிறது. பாரமும் ஏறுகிறது. எவ்வளவு பாரம்? ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் தரையில் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு ஏக்கரில் 150 மில்லிமீற்றர் பெய்தால் ஆறு லட்சம் லீற்றர், அதாவது 600 தொன். கொழுந்துக் கூடையில் ஒரு கிலோ கூடினாலே தோளுக்குத் தெரிகிற நமக்கு, 600 தொன் என்றால் மலைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல், நம் லயங்கள் பல சரிவை வெட்டித் தட்டாக்கிக் கட்டியவை. பின்சுவருக்குப் பின்னாலேயே வெட்டு மண் நிற்கிறது.

இந்த ஆராய்ச்சியிலிருந்து கிடைத்த மூன்று கணக்குகளை ஒவ்வொரு தலைவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். நாலு நாள் மழையில் ஊறிய மலைக்கு இதைவிடக் குறைந்த மழையே போதும் என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு: தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு, திடீரென்று இறுகிப்போகிற கதவு, சாய்கிற மரமும் கம்பமும், புதிதாகக் கிளம்புகிற ஊற்று, தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் கலங்குவது அல்லது நின்றுபோவது. இவற்றைப் பார்த்தால் மழைக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு சோடாப் போத்தலும் ஓர் இரவும்

இதைப் பாடசாலையில் செய்து பார்த்தோம். எட்டாம் தரப் பிள்ளைகள் மேலும் கீழும் ஒரே அகலமான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, மேல் பாகத்தை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து புனல்போல வைத்தார்கள். குழியான அடிப்பாகத்தைச் சீமெந்து ஊற்றிச் சமப்படுத்தினார்கள். அந்தச் சமனிலிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கோடு போட்டு, கூரையும் மரமும் இல்லாத வெளியில் நட்டார்கள். தினமும் காலை எட்டரைக்கு ஒரு பிள்ளை வாசித்து, கொப்பியில் எழுதி, ஊற்றிவிட்டு வரும். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

ஒரு மே மாதத்து இரவு, ஒன்பது மணிக்குப் போத்தல் 75ஐத் தாண்டியது. பதினொன்றுக்கு 110. மழை விடவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துவிட்டு, டோர்ச் லைட்டோடு மேல் லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டினோம். சிலர் திட்டினார்கள். சிலர் அடையாள அட்டையையும் சாமிப்படத்தையும் சுற்றிக்கொண்டு உடனே வந்தார்கள். நடுச்சாமத்துக்குள் பதினாலு குடும்பம் பாடசாலை மண்டபத்தில் இருந்தது. குழந்தைகள் வாங்குகளில் தூங்கின.

விடிந்தது. மலை அப்படியே நின்றது. ஒரு பிடி மண்கூட விழவில்லை. "வாத்தியார்மார் போத்தலைக் காட்டிப் பயமுறுத்திட்டாங்க" என்று இளைஞர்கள் சிரித்தார்கள். எழுபது வயது அம்மாயி ஒருவர் மட்டும், "விழலேன்னு காலையிலதானே தெரிஞ்சது, ராத்திரி யாருக்குத் தெரியும்?" என்றார். விஞ்ஞானப் பாடம் எடுக்கிற எங்களுக்கே அதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

சிரிப்பு பெரிய காரியமில்லை. அன்று இரவு தூங்காதவர்களில் பலர் காலையில் பெரட்டுக்குப் போகவில்லை. அவர்களுக்குப் பேர் போடவில்லை. கேட்டதற்கு, "மண் விழவில்லையே" என்று பதில் வந்தது. அடுத்த மழைக்குக் கதவைத் தட்டினோம். பதினாலு குடும்பத்தில் ஆறு குடும்பம்தான் வந்தது. மற்றவர்கள் கதவைத் திறந்து சொன்னது ஒரே பதில்: "நாளைக்குப் பேர் போயிரும் சேர்."

தோழர்களே, போத்தல் சரியாகத்தான் அளந்தது. கணக்கும் சரி. ஆனால் கணக்குக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு நாள் சம்பளம் நின்றது. எத்தனை கோடி ரூபாய்க்கு மழைமானி வைத்தாலும் அந்த ஒரு நாள் சம்பளத்தை அதனால் கடக்க முடியாது.

கான் வெட்டுகிறவர்

மலையைப் பிடித்து நிறுத்தும் வேலையில் பொறியியலாளர் முதலில் செய்வது தண்ணீரை வெளியேற்றுவது. இது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த வேலை. மலைக்கு மலை குறுக்குக் கானும் இறக்கக் கானும் வெட்டியவர்கள் அவர்கள்தான். கான் தூர்ந்தால் மழைத் தண்ணீர் ஓடிப் போகாமல் மலைக்குள் இறங்கும். ஆகவே கான் துப்புரவு என்பது தேயிலைக்கு மட்டுமான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். செலவைக் குறைக்கிறோம் என்று கான் வெட்டை நிறுத்தும்போது லயத்தின் பாதுகாப்பையும் சேர்த்து நிறுத்துகிறார்கள்.

அந்தக் கானில் இறங்குகிறவருக்கு இன்னோர் ஆபத்து இருக்கிறது: எலிக்காய்ச்சல். இரத்தினபுரியும் கேகாலையும் இந்த நோயில் வருஷா வருஷம் முன்னால் நிற்கிற மாவட்டங்கள். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் என்று சந்தேகிக்கப்பட்டது. லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீரில் வெளியேறி, தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் உயிரோடு இருக்கும். கால் வெடிப்பு, கையில் கீறல், கண், வாய் வழியாக உடம்புக்குள் போகும். ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் கடுமையான வலி, கண் சிவப்பு. முற்றினால் சிறுநீர் குறையும், கண் மஞ்சளாகும், சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கும். நேரத்துக்குப் போனால் சாதாரண அன்டிபயோட்டிக் மருந்திலேயே குணமாகும். பிந்தினால் உயிர் போகும்.

இதற்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் என்ற மாத்திரை இருக்கிறது. வயல் வேலைக் காலத்தில் விவசாயிகளுக்கும், மாணிக்கக் குழியில் இறங்குகிறவர்களுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் வாரம் ஒரு தடவை இலவசமாகக் கொடுக்கிறது. வயல் சேறும் கான் சேறும் கிருமிக்கு ஒன்றுதான். எங்களுக்குத் தெரிந்த கான் வெட்டுகிற அண்ணன் ஒருவர் நாலு நாள் பனடோல் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கண் மஞ்சளாகியிருந்தது. உயிர் பிழைத்தார். பிறகு சொன்னார்: "அப்பிடி ஒரு மாத்திரை இருக்குன்னு எங்ககிட்ட யாரும் சொல்லல்லையே."

மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஆகாது. அலுவலகத்தில் பதிந்து, கேட்டு எடுக்க வேண்டும். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை: "நான் கானில், சேற்றில் வேலை செய்தவன்." வைத்தியருக்கு அது பாதி விடை.

இறப்பர் இலையில் வட்டம்

பால் வெட்டுகிற தோழர்களுக்கும் ஒரு செய்தி. 2016இல் இந்தோனேசியாவில் தொடங்கிய இலை உதிர்வு நோய் 2019இல் நம் நாட்டு இறப்பர் மரங்களிலும் காணப்பட்டது. பெஸ்டலோட்டியொப்சிஸ் என்ற பூஞ்சணத்தை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். முற்றிய இலையில் வட்டமான புள்ளிகள் விழும், இலை மஞ்சளாகி உதிரும். இறப்பர் பால் மரத்துக்குள் உண்டாவது இலை செய்கிற சீனியிலிருந்து. இலை போனால் பால் குறையும். பால் குறைந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் பேர் பாதியாகும். மரத்துக்கு வந்த நோய்க்கு மனுஷனின் சம்பளத்தில் வெட்டு.

வெட்டு நாளைக் குறைத்து, எத்திபோன் தடவி, மூன்று நாளைக்கு அல்லது நாலு நாளைக்கு ஒரு தடவை பால் எடுக்கலாம் என்பதும் ஆராய்ச்சி முடிவுதான். மரத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆளும் குறைவாகப் போதும். ஆளைக் குறைக்கிற ஆராய்ச்சி கம்பனிக் கந்தோருக்கு வேகமாகப் போய்ச் சேர்கிறது. ஆளைக் காக்கிற ஆராய்ச்சிதான் பெரட்டுக் களத்துக்கு வர வழி தெரியாமல் நிற்கிறது. அதற்கு வழி காட்டுவது சங்கத்தின் வேலை.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு மழைமானி. வாசித்த கணக்கைத் தினமும் பெரட்டுக் களத்துப் பலகையில் எழுத வேண்டும். தோட்டம் தரும்வரை போத்தலில் நாமே தொடங்குவோம்.

இரண்டு: நம் தோட்டத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைத் தமிழில் விளக்கித் தரும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுத வேண்டும். கடிதம் எழுத ஆசிரியர்கள் நாங்கள் வருகிறோம்.

மூன்று: எச்சரிக்கை அளவு தாண்டி வெளியேறுகிற ஒவ்வொரு நாளுக்கும் முழுப் பேர். மண் விழுந்தாலும் விழாவிட்டாலும். சிவப்பு எல்லைக்குள் இருக்கிற லயத்துக்கு மாற்றுக் காணியும் வீடும். ஓர் இரவு பாடசாலையில் படுப்பது மீரியபெத்தவுக்குப் பதில் ஆகாது.

நான்கு: மழைக்காலத்துக்கு முன் கான் வெட்டுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் சுகாதார வைத்திய அதிகாரியிடம் போக வேண்டும். பூட்ஸும் கையுறையும் தோட்டம் தர வேண்டும்.

ஐந்து: இலை நோய் வந்த மலையில் பழைய கிலோவைக் கேட்கக் கூடாது. நோயை முதலில் காண்கிறவர் பால் வெட்டுகிறவர். அவர் சொன்னதைக் குறித்து வைத்து அகலவத்தைக்கு அனுப்ப வேண்டும்.

இனி அந்த மூத்த தலைவருக்குப் பதில். ஐயா, விஞ்ஞானத்தைப் பேசி என்ன வரப்போகுது என்று கேட்டீர்கள். மூன்றாவது கோரிக்கையைப் பாருங்கள். அது ஒரு நாள் சம்பளம். அந்த ஒரு நாள் சம்பளம் உறுதியாக இருந்தால், அடுத்த மழைக்கு நாங்கள் கதவைத் தட்டும்போது பதினாலு குடும்பமும் வரும். ஆராய்ச்சியாளர் நாற்பது வருஷம் படித்துக் கண்ட கணக்கு அன்றைக்குத்தான் நம் லயத்துக்கு வந்து சேரும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் உங்கள் தோட்டத்தில் முப்பது நாள் பெய்த மழையை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் எட்டாம் தரம் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். அது எழுதும்.